மூத்தவனின் தேதி

இறந்துபோன என் மூத்த மகனின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்து, இளையவனை ஒரு வருடம் முன்னதாகவே பள்ளியில் சேர்த்தவன் நான். மூத்தவன் திண்டிவனத்தில் எட்டு மாதக் குழந்தையாகக் காய்ச்சலில் போனான். அவன் பெயரான சேவியரையே தம்பிக்கும் வைத்திருந்ததால் யாரும் கேட்கவில்லை. அவன் இறப்பை நான் பதியவும் இல்லை. அவன் பிறந்த தேதியிலேயே தம்பிக்குப் பிறந்தநாள் கொண்டாடினோம்.

போன வருடம், குடும்ப வரலாறு எழுதும் என் பேத்தி, காலமான என் மனைவியின் பெட்டியிலிருந்து ஒரு குழந்தைப் படத்தை எடுத்து வந்தாள்.

“தாத்தா, இது அப்பாவா?”

“இல்லம்மா, உன் பெரியப்பா.”

“எப்ப செத்தாரு? ஒரு பேப்பரும் இல்லியே?”

இப்போதாவது பதிந்துவிடலாம் என்று அந்தச் சான்றிதழோடு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

“பெரியவரே, இந்தச் சர்ட்டிபிகேட்டுக்காரரு விழுப்புரத்துல வேலைக்குப் போயிக்கினு இருக்காரு. செத்துட்டாருன்னு எழுதினா உங்க புள்ள கதி என்னாவறது?” என்றார் எழுத்தர்.

வீட்டுக்குத் திரும்பினேன். மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சொன்னான்: “எம் பொறந்தநாளு கேக்கை அம்மா ஏன் ஒரு வாட்டிகூட தொடலன்னு இப்பதான் தெரியுது.”

இந்த வருடம் அந்தத் தேதியில் நான் கேக் வாங்கவில்லை. மெழுகுவத்தியோடு நானும் மகனும் திண்டிவனம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம்.

“எந்த இடம்பா?” என்றான்.

எனக்குத் தெரியவில்லை.