நாற்பத்தேழாவது வளைவில் நிற்காத வண்டி

எங்கள் பழைய கார் கிளப் வருடத்துக்கு ஒரு முறை, பிப்ரவரியில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லிமலை ஏறும். கிளப் என்றதும் கோட்டும் தொப்பியும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கத்து ஆட்கள் பதினான்கு பேர், ஓடுகிற நிலையில் பதினொரு வண்டிகள், ஒரு வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான். பழைய வண்டியில் இந்த மலையை ஏற நினைப்பவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் கீழே கொடுத்திருக்கிறேன். கூடவே இந்த வருடம் நான் செய்த ஒரு தவறையும் எழுதப்போகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத மனம் வரவில்லை.

எங்கள் கிளப்பில் துரைசாமி அண்ணன் என்று ஒருவர் இருந்தார். ராசிபுரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். காதில் ஒரு போன், கையில் ஒரு போன், மேஜையில் ஒன்று அடித்துக்கொண்டே இருக்கும். அவருடைய அம்பாசிடர் லாரிக்கு அடிக்கிற பச்சை பெயின்ட் அடித்தது. முன் சீட்டில் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய குஷன், கதவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நசுங்கல், ஹாரன் மட்டும் ஏதோ டெம்போவிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு வருடமும் மனைவி ருக்மணி அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மலைக்கு வருவார். ஒவ்வொரு வருடமும் பாதி மலையில் வண்டி கொதித்து நின்றுவிடும்.

கொண்டை ஊசி வளைவுகளில் பதினொரு வண்டிகளும் சேர்ந்து நிற்க இடம் கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு விதி உண்டு: வழியில் நிற்கக்கூடிய வண்டி கடைசியில்தான் வரவேண்டும், மற்றவர்கள் நிற்காமல் ஏறி மேலே சோளக்காட்டில் காத்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணனின் பச்சை வண்டி ஆவி விட்டபடி வந்து சேரும். "அண்ணன் வண்டிக்கும் ஒரு டீ சொல்லுங்கப்பா" என்று யாராவது கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து தருகிறேன் என்று நான் குறைந்தது ஐந்து முறையாவது சொல்லியிருப்பேன். "பாக்கலாமுங்க, அதுக்கென்ன அவசரம்" என்பார்.

போன ஆடியில், ஆபீஸில் உட்கார்ந்தபடியே, மாரடைப்பில் போய்விட்டார். அறுபத்தைந்து வயது.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து ருக்மணி அக்கா என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். "ஓட்டாம நிறுத்துனா கெட்டுப்போயிருமுன்னு சொல்லுவாருங்க. நீங்க பாத்துக்கோங்க தம்பி. மார்ச்ல நான் கோயமுத்தூருக்கு மக ஊட்டோடவே போயிருவேனுங்க. அதுக்கு முன்ன ஒருக்கா அந்த வண்டியில மலைக்குப் போயிட்டு வந்தரணும்." அவர் கேட்டது இவ்வளவுதான். அந்த வண்டி, அந்த மலை, ஒரே ஒரு தடவை.

நான் ஒரு ஒரிஜினல் பைத்தியம். என்னுடைய பழைய பத்மினி காரில் ஒரு ஸ்க்ரூ வேறு மாடலுடையதாக இருந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. அண்ணனுக்கு நாங்கள் செய்யக்கூடிய மரியாதை இதுதான் என்று குழுவில் எழுதினேன். பதின்மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். ஐந்து மாதம், ஞாயிறு தவறாமல் வேலை செய்தோம். பச்சையைச் சுரண்டிவிட்டு, ஃபேக்டரியிலிருந்து வந்தபோது இருந்த தந்த வெள்ளை அடித்தோம். நசுங்கலைத் தட்டி எடுத்தோம். ஒயர் குஷன், டெம்போ ஹாரன் எல்லாம் போயின. கிலோமீட்டர் மீட்டரைப் பிரித்துத் துடைத்துப் பூஜ்யத்தில் வைத்தோம். எங்கள் மெக்கானிக் குமார் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். போர்வெல் தண்ணீர் ஊற்றி ஊற்றி, உள்ளே குழாயெல்லாம் சுண்ணாம்பாக அடைத்துக் கிடந்தது. கோர் எனப்படும் அந்தக் குழாய்க் கூட்டையே புதிதாகப் போட்டு, கூலன்ட் ஊற்றினோம். பழையது காயலான் கடைக்குப் போனது.

மலைக்குப் போகும் ஞாயிறு காலை 5.50க்கு ராசிபுரத்தில் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அக்கா வெளியே வந்து பார்த்தார். சுற்றி வந்தார். கதவில் நசுங்கல் இருந்த இடத்தைக் கையால் தடவினார்.

"புதுசாட்டம் இருக்குதுங்க" என்றார்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கியதால் தூரக் கணக்கு சுலபம். 16வது கிலோமீட்டரில் பேளுக்குறிச்சி, மணி 6.25. சந்தை நாளில் இந்த ரோட்டில் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் போய்விடும். அன்று சந்தை இல்லை, ரோடு காலி. டீ பன்னிரண்டு ரூபாய். அடுத்து காளப்பநாயக்கன்பட்டி, 6.50. பெட்ரோலை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், இரண்டு கேன் தண்ணீரும் பிடித்துக்கொள்ளுங்கள். மலையடிவாரம் காரவள்ளிக்கு 7.15க்கு வந்தோம். செக்போஸ்டில் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டார்கள்.

அங்கே நான் இன்னொரு காரியம் செய்தேன். "இந்த வருசம் அண்ணன் வண்டிதான் முன்னால போகுது" என்று அறிவித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த அம்பாசிடர் வரிசையின் தலையில் நின்றது.

மொத்தம் எழுபது வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. முதல் பத்து சுலபம். இருபதுக்கு மேல் இரண்டாவது கியரிலிருந்து மாற்ற முடியாது, சில இடங்களில் முதல் கியர். இறங்குகிற பஸ்ஸுக்கு நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். வண்டி அருமையாக ஏறியது. டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் போகவே இல்லை. நான் அதை அக்காவுக்கு விளக்கிக்கொண்டே ஓட்டினேன். புது கோர், தெர்மோஸ்டாட், கூலன்ட் என்று என் வாய் மூடவில்லை. அக்கா வெளியே பார்த்தபடி வந்தார்.

ஐம்பதாவது வளைவில் மெதுவாகக் கேட்டார். "தாண்டிட்டமுங்களா?"

"எதைங்க அக்கா?"

பின்கண்ணாடி வழியாக, பின்னால் வரிசையாக வரும் பத்து வண்டிகளைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க. போங்க."

நான் போனேன். 8.20க்குச் சோளக்காடு. ஒரு தடவைகூட நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். அக்கா மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன ஆச்சு என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னார்.

"நாப்பத்தேழுலதானுங்க எப்பவும் நிக்கிறது. அங்க போன்ல டவர் எடுக்காதுங்க. ஊட்ல சோறு திங்கையில கூட போன் அடிச்சுக்கிட்டே கெடக்கும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்துல அவுரு என்னைப் பாத்து முழுசாப் பேசுனது அங்கதானுங்க. வண்டி ஆறுறதுக்கு இருபத்தஞ்சு நிமிசம் ஆகும். மக கல்யாணத்தை அங்க உக்காந்துதான் முடிவு பண்ணுனோம்."

அக்கா டீயைக் குடிக்காமலே வைத்துக்கொண்டு சொன்னார்.

"நானே ஒரு வருசம் கேட்டேனுங்க, அதைச் சரி பண்ணிப்போடலாமுல்லன்னு. பண்ணிட்டா அப்பறம் எங்க நிக்கிறது புள்ளேன்னு கேட்டாருங்க."

அண்ணன் வண்டிக்கு டீ சொல்லுங்கப்பா என்று நாங்கள் பன்னிரண்டு வருடம் கிண்டல் செய்தது எதை என்று அப்போதுதான் புரிந்தது. மற்றவர்களிடம் அருவிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன். இருபத்துமூன்று வளைவுகள் கீழே. நாற்பத்தேழில் ரோட்டோரம் ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு மண் தரை இருக்கிறது, தடுப்புச் சுவருக்குக் கீழே நேராக சமவெளி. மணி 9.05. இன்ஜினை அணைத்தேன். பானட்டைத் திறந்து வைத்தேன். உள்ளே ஒன்றும் கொதிக்கவில்லை. ஆனாலும் மூடியிருந்தால் சரியாக இருக்காது என்று தோன்றியது.

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் இருக்கறீங்களா தம்பி?" என்றார் அக்கா.

நடந்து நாற்பத்தாறாவது வளைவுக்கு வந்து நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். மேலிருந்து ஒருவர் பைக்கில் மிளகு மூட்டையோடு இறங்கி வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். மலைமேல் பெரக்கரை நாட்டுப் பகுதிக்காரர், அடிவாரத்துக் கடைக்கு மிளகு கொண்டுபோகிறார்.

"மேல நிக்கிற வெள்ளை வண்டி உங்களதுங்களா? சூடாயிருச்சுங்களா? தண்ணி வேணுமுன்னா கொஞ்சம் மேல ஊத்து இருக்குதுங்க, கொண்டாந்து தாரேன்."

வேண்டாம் என்றேன். அவர் மூட்டைக் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார். "இதே எடத்துல வருசா வருசம் ஒரு பச்சை அம்பாசிடர் நிக்குமுங்க. அந்த அண்ணனும் வேண்டாமும்பாரு. கேன்ல தண்ணி வெச்சிருப்பாரு, ஆனா ஊத்த மாட்டாரு. ரெண்டு பேரும் செவுத்துல உக்காந்துக்கிட்டுப் பேசிக்கிட்டே இருப்பாங்க. இந்த வருசம் அவங்கள இன்னும் காணமுங்க."

அந்த வெள்ளை வண்டிதான் அது, நாங்கள்தான் நிறத்தை மாற்றினோம், அண்ணன் ஆடியில் போய்விட்டார் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் திரும்பி மேலே பார்த்தார். சுவரின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது. இடது பக்கம் ஒரு ஆள் உட்கார இடம் விட்டிருந்தார்.

"அந்த அம்மாதானுங்களா" என்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் உருட்டி விட்டு, வளைவில் ஹாரன்கூட அடிக்காமல் இறங்கிப் போனார்.

9.30க்கு நான் மேலே போனேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வண்டியில் ஏறும் முன் கேட்டார். "பழைய ரேடியேட்டரு எங்கீங்க தம்பி?"

காயலான் கடைக்குப் போய்விட்டது, இந்நேரம் உருக்கியிருப்பார்கள் என்றேன்.

"செரி, உடுங்க" என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். மறுபடி சோளக்காட்டுக்கு ஏறி, மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு காரவள்ளிக்கு இறங்கினோம். செக்போஸ்டைத் தாண்டியதும் சொன்னார். "வண்டியை நீங்களே வெச்சுக்கோங்க. அடுத்த வருசமும் நான் கோயமுத்தூர்ல இருந்து வாரேன். அதுக்குள்ள பழையபடி சூடாகறாப்புல பண்ண முடியுங்களா?"

பார்க்கிறேன் என்றேன்.

இனி போகிறவர்களுக்கு. ராசிபுரத்திலிருந்து சோளக்காடு போய்த் திரும்ப என் மீட்டரில் 112 கிலோமீட்டர், நாற்பத்தேழு வரை ஒரு தடவை கூடுதலாக வந்து திரும்பியதையும் சேர்த்து. பெட்ரோல் பதிமூன்று லிட்டர். மலைமேல் செம்மேட்டில் சாப்பாடு நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். காலை எட்டரைக்குள் ஏறிவிடுங்கள், பிறகு பஸ்கள் அதிகம். இறங்கும்போது கியரை நியூட்ரலில் போடாதீர்கள், பிரேக் தாங்காது. இன்ஜின் கொதித்து நின்றால் பதறி ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கை வெந்துவிடும். இருபத்தைந்து நிமிடமாவது ஆற விடுங்கள். பக்கத்தில் யாராவது வந்திருந்தால் போனை உள்ளே வைத்துவிட்டு அவரோடு உட்காருங்கள். மேலே காத்திருப்பவர்கள் இன்னொரு டீ குடிக்கட்டும்.

அம்பாசிடர் இப்போது என் ஷெட்டில் நிற்கிறது. மார்ச்சில் அக்கா கோயமுத்தூர் போன வாரம், குமாரை வரச்சொல்லி கூலன்ட்டை இறக்கினேன். அண்ணன் வீட்டு போர்வெல்லிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் பிடித்துவந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். குமார் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒரிஜினல் பார்ட்ஸுக்காக அவரோடு சண்டை போட்டவன் நான். விஷயத்தைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை நாளில் அடைக்கும் என்று கேட்டேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணனுது மாதிரி அடைக்க இருவது இருவத்தஞ்சு வருசம் ஆகுமுங்க" என்றார்.

ருக்மணி அக்காவுக்கு இப்போது அறுபத்தொன்று. இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.