வெள்ளிக்கிழமை லைன்

புதுக்கடையில் எங்கள் தெருவில் அப்போது ஃபோன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். கேட்க வேண்டுமா! வளைகுடாவில் இருப்பவன் எல்லாம் எங்கள் நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று எழுதி வைத்திருந்தான். மணி அடித்தால் நான் ஓடிப்போய் அந்தந்த வீட்டு ஆளைக் கூட்டி வர வேண்டும். டிகிரி முடித்துச் சும்மா கிடந்த எனக்கு அதுதான் உத்தியோகம்.

மற்றவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம், அடுத்த வீட்டு அக்காவை முடியாது. அவள் கணவர் சவூதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை அங்கே ஜும்மா முடிந்ததும், நமக்கு மூன்று மணிக்கு, கூப்பிடுவார். அவள் இரண்டரைக்கே வந்து என் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். பேசும்போது முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பாள் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமைதான், வேறென்ன? என்னிடம் அப்படிச் சிரிக்க ஒரு நாதியில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சிரிப்பில்லாமல் வந்தாள். கையில் அவர் கடிதம். கம்பெனி இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து கேட்கிறதாம், மறுநாள்தான் கடைசி நாளாம். வெள்ளிக்கிழமை கூப்பிடுவேன், நீ வரச் சொன்னால் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார்.

“வரத்தான் சொல்லப்போறேன் தம்பி. பிள்ளைக்கு வாப்பான்னா ஃபோட்டோதான். சம்பாதிச்சது மதி, இனி வேண்டாம்” என்றாள்.

அன்று காலையில்தான் மோடத்தைத் தானாகவே இன்டர்நெட்டுக்கு டயல் செய்ய வைத்திருந்தேன். மெயில் வந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்க நினைத்தால் போதும், மோடம் யாரையும் கேட்காமல் ஃபோன் லைனைப் பிடித்துக்கொள்ளும். இணைப்பு அறுந்தால் ஒரு நிமிஷத்தில் மறுபடியும் பிடிக்கும். வெளியிலிருந்து எவன் அழைத்தாலும் எங்கேஜ்டுதான்.

கம்ப்யூட்டரில் அதற்காகப் போட்டிருந்த ஒரே ஒரு டிக்கை எடுத்தால் போதும், லைன் விட்டுவிடும். நான் எடுக்கவில்லை. மோடத்தின் ஸ்பீக்கர் சத்தத்தையும் சுத்தமாகக் குறைத்தேன். இல்லையென்றால் அது போடும் கீச்சு அவளுக்குக் கேட்டுவிடும். அடுத்த வீட்டு ரிசீவரைக் கேட்காமல் தொடுகிற பெண்ணும் இல்லை அவள்.

மூன்றரை ஆனது. நாலரை ஆனது.

“தம்பி, ஃபோனு செத்துப்போச்சா?”

“நல்லாத்தான் இருக்கு அக்கா. அண்ணனுக்கு ஏதாவது சோலி காணும், பிறகு விளிப்பாரு.”

அவள் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? டீ போட்டு எனக்கு மட்டும் எடுத்து வந்து, அவள் முன்னாலேயே ஊதி ஊதிக் குடித்தேன்.

மக்ரிபு பாங்கு கேட்டதும் எழுந்தாள். “அவியளுக்கு வரதுக்கு மனசில்ல போல” என்றாள்.

“அப்படித்தான் இருக்கும்” என்றேன். சீ, என்ன நாக்கு!

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த டிக்கை எடுத்துவிட்டேன். திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவள் வரமாட்டாள் என்று தெரியும், அவ்வளவுதான். மூன்று மணிக்கு மணி அடித்தது.

“தம்பி, போன வாரம் மூணு மணிக்கூறு விடாம விளிச்சேன், எப்பவும் எங்கேஜ்டு” என்றார் அண்ணன். “அவதான் கோவத்துல ரிசீவரை மாத்தி வச்சிருக்கான்னு நெனச்சேன். நான் வரதுல அவளுக்கு இஷ்டமில்ல போல. கையெழுத்து போட்டுட்டேன். அவளை ஒண்ணு கூப்பிடுதியா?”

உண்மையைச் சொல்ல அரை நிமிஷம் போதும். ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நான் இல்லன்னு சொல்லு” என்றாள்.

திரும்பி வந்து, “அக்கா வரமாட்டேங்கா” என்றேன். இல்லை என்று சொல்லச் சொன்னவளை வரமாட்டாள் என்று ஆக்கினேன்.



“ஒன்னை வெறுதே ஓட வச்சிட்டேன் தம்பி, தப்பா நெனைக்காத” என்றார்.

“சாரமில்லண்ணே, அதுக்கென்ன” என்றேன்.