தட்டு அலமாரியைப் பிடித்த கை

போன வருடம் மழை ஓய்ந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகாமல் மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறினேன். அங்கே ஒரு சின்ன அரங்கில் ஆவணப்படம் போடுகிறார்கள். அதில் என் மகன் இருக்கிறான். பைக் விபத்தில் அவன் போய் இரண்டு வருடமாகியிருந்தது.

டெத் மெட்டல் என்ற பாட்டு வகையைப் பற்றிய படம். பாட்டு என்று அவர்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். என் மகன் அடிவயிற்றிலிருந்து உறுமுவான், ஒரு வார்த்தை புரியாது. "இன்னாத்துக்குடா பேர்லயே சாவு?" என்று கேட்டால் சிரிப்பான்.

கடைசியில் எனக்கு மிஞ்சியது அந்த உறுமல்தான். அவன் போன் விபத்தில் நொறுங்கிவிட்டது. என்னுடையது பட்டன் போன். பேசிய குரல் எங்கும் பதிவாகவில்லை. அவன் கூப்பிடும் விதமே மறந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவனோடு டிரம்ஸ் வாசித்த நண்பன் படத்துக்கு அழைக்க வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அதுல அவன் பேசறானாப்பா?"

"தெரில ஆன்ட்டி, நானும் பாக்கல. வாங்க, சேந்தே பாக்கலாம்."

கறுப்புச் சட்டைக்காரர்கள் நடுவே கஞ்சி போட்ட சேலையில் நான் ஒருத்தி. யார் யாரோ பேசினார்கள். என் மகன் வந்தபோதெல்லாம் உறுமினான். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது.

திடீரென்று எங்கள் வீடு திரையில் வந்தது. நான் வேலைக்குப் போன நேரமாக இருக்கும், நடு அறையில் ஒத்திகை. டிரம்ஸ் அடித்த அடியில் அலமாரித் தட்டுகள் கிடுகிடுத்தன. உறுமிக்கொண்டிருந்தவன் மைக்கைப் போட்டுவிட்டு ஓடி, அலமாரியைப் பிடித்தான்.

"இர்றா மச்சி, எங்கம்மா தட்டெல்லாம் வுழுந்துடும்."

அதே குரல். லேசாக மூக்கடைத்தாற்போல.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் பாறை வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். வீடே ஆடும். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் பெண்கள் முதலில் தட்டு அலமாரியைப் பிடிப்போம், அப்புறம்தான் ஷிஃப்டுக்குப் போனவர் என்ன ஆனாரோ என்று சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடுவோம். இவனும் நாலு வயதில் என்னோடு ஓடிவந்து கீழ்வரிசையைப் பிடிப்பான். அந்தப் பழக்கம் அவனை விடவில்லை.

அரங்கம் சிரித்தது. நான் அழுதேன். பக்கத்திலிருந்த நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் படத்துண்டை இப்போது என் புதுப் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான். சுரங்கம் மூடி, வீடு ஆடுவது நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் தட்டுகளைக் கழுவி அடுக்கும்போதெல்லாம், இன்னொரு தரம் இந்த வீடு ஆடாதா, அவன் ஓடிவர மாட்டானா என்று மனசு கேட்கிறது.