உரச்சாக்கு நூலில் ஒரு பிடிதுணி

எங்கள் தெருக் கஞ்சிக் குண்டானுக்குக் காது கிடையாது. எந்தக் கல்யாணத்திலோ இரண்டு காதும் உடைந்துபோய், வாடகைப் பாத்திரக் கடைக்காரர் வேண்டாமென்று ஒதுக்கிய பிறகுதான் அது எங்களிடம் வந்தது. எங்களுக்கு வருவதெல்லாம் அப்படித்தான் வரும். குடிநீர்க் குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை. விளக்குக் கம்பம் வந்தது, விளக்கு வரவில்லை. குண்டானும் அந்த வரிசையில் வந்ததுதான்.

அந்த வருஷம் சம்பா அறுப்புக்கு நின்ற சமயம் கூலித் தகராறு மூண்டது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அருவாளைத் தொடுவோம் என்று எங்கள் தெரு சொன்னது. முடியாது என்று மிராசுதார் சொன்னார். மறியலுக்குப் போன ஆண்களைப் போலீஸ் வேனில் ஏற்றி நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பா ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டு, ஏதோ கோயில் சுற்றுலாவுக்குப் போகிறவர்போலப் போனார்.

மிச்சம் இருந்தது பெண்களும் பிள்ளைகளும். எல்லா வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டி, தெருமுனைப் புளியமரத்தடியில் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சுவதென்று முடிவாயிற்று. வேலையை நிறுத்தினால் கஞ்சித்தொட்டி திறப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யார் வீட்டில் அரிசி இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்பது வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால், இல்லாத வீட்டைத் தேடித்தான் மிராசுதாரின் காரியக்காரர் முதலில் வேலைக்குக் கூப்பிட வருவார்.

காய்ச்சுகிற வேலை அம்மாவுடையது. அடுப்பிலிருந்து குண்டானை அம்மா ஒரு பக்கமும் அத்தை ஒரு பக்கமும் விளிம்பைப் பிடித்து இறக்குவார்கள். கிழிந்த புடவைத் துண்டுதான் பிடிதுணி. தென்னமட்டை நெருப்பில் அது பற்றிக்கொள்ளும் என்று நனைத்துப் பிடிப்பார்கள். நனைந்த துணியில் சூடு ஆவியாக ஏறும். சில நாட்களில் அம்மாவின் உள்ளங்கை உரித்த பனங்கிழங்குபோல ஆகிவிட்டது.

"அண்ணி, நாளைக்கு ஒரு நாள் நான் காச்சுறேன், நீ கைய ஆத்து" என்றாள் அத்தை.

"நீ காச்சினா குடிக்க முடியாதுடி. வெட்டித்தான் திங்கணும்."

இப்படிப் பேசிச் சிரித்துவிட்டு, அம்மா திரும்பிக்கொண்டு கையை ஊதிக்கொள்வதை நான் பார்த்தேன். அம்மாவின் கை போனால் கஞ்சி போகும், கஞ்சி போனால் தெரு பழைய கூலிக்கே வயலில் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதையும் கேட்டேன். அப்பா சுற்றுலாவிலிருந்து திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோகுமே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நானே ஒரு பிடிதுணி பின்னுவதென்று தீர்மானித்தேன்.

ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பின்னல் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். டிராயிங் வாத்தியாருக்கு என்னைப் பிடிக்காது. அவர் வரைந்த யானையைப் பார்த்து, "சார், இது எத்தன லிட்டர் கறக்கும்?" என்று கேட்டுவிட்டேன். வெளியே தள்ளினார். வராந்தாவில் நின்ற என்னைத் தையல் டீச்சர் உள்ளே கூப்பிட்டு, வாய் சும்மா இருக்காதென்றால் கையாவது வேலை செய்யட்டும் என்று பெண்பிள்ளைகளோடு உட்கார வைத்தார். தண்டனைதான். ஆனால் கொக்கி ஊசி என் கையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஒன்பதாம் வகுப்போடு படிப்பும் நானும் பிரிந்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகக் கற்றது அந்த ஒன்றுதான்.

சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றைக் கல்லில் தேய்த்து நுனியை வளைத்துக் கொக்கி ஊசி ஆக்கினேன். நூலுக்கு மாமாவைப் பிடித்தேன். அம்மாவின் தம்பியான மாமா, கூட்டுறவு உர டெப்போவில் மூட்டை தூக்குபவர். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளரும் அவரே. தோளில் கட்சிக்கரைத் துண்டு இல்லாமல் குளிக்கக்கூடப் போகமாட்டார்.

உரச்சாக்கின் வாயைப் பருத்தி நூலால்தான் தைத்திருப்பார்கள். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் முழு வாயும் சர்ரென்று திறந்துகொள்ளும். தப்பான நுனியைப் பிடித்தால் இழுக்க இழுக்க இறுகும். மாமா கை எப்போதும் தப்பான நுனிக்குத்தான் போகும். நான் டெப்போவுக்குப் போய் அவருக்காகச் சாக்குகளைத் திறந்து கொடுத்து, நூலையெல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

"என்னா மருமவனே, பூப்பின்னலா? எந்த மாப்ள வீட்டுக்குச் சீரு போவுது?" என்றார் மாமா.

"ஒனக்குத்தான் மாமா. வாய்க்கு ஒரு மூடி பின்னுறேன்."

நூலை நாலு புரியாகச் சேர்த்துப் பின்னினேன். பின்னலின் ஒரே கண்ணில் திரும்பத் திரும்ப நூலை இழுத்து ஒன்றாக முடிந்தால் ஒரு குமிழ் எழும்பும். வரிசை வரிசையாகக் குமிழ் எழுப்பினால் பலாப்பழத் தோல்போல ஆகும். குமிழ்களுக்கு நடுவே காற்று நிற்பதால் சூடு கைக்கு எட்டாது, பாத்திரமும் வழுக்காது. தெருப் பயல்கள் சுற்றி நின்று பாவாடை வேண்டுமா, ரிப்பன் வேண்டுமா என்று கேட்டார்கள். எல்லாருக்கும் பதில் சொன்னேன், ஊசியை மட்டும் நிறுத்தவில்லை. விரலில் கம்பி குத்தி வீங்கியபோது விரலை மாற்றிக்கொண்டேன்.

முடித்த அன்று காலை, அம்மாவிடம் பெருமையாக நீட்டினேன். அம்மா அதை வைத்து விளிம்பைப் பிடித்தாள். அடுத்த கணம் குபீரென்று ஒரு நாற்றம் கிளம்பி எல்லார் கண்ணிலும் தண்ணீர் வந்தது. நூல் முழுக்க யூரியா ஊறியிருந்தது. உப்பைப்போல அதுவும் பனியிலிருந்த ஈரத்தையெல்லாம் குடித்து வைத்திருந்தது. பழைய நனைந்த துணிக்கும் என் பலாப்பழத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு குண்டானை இறக்கி வைத்தபிறகுதான் கையை உதறினாள்.

"கஞ்சிக்கு மேலொரம் போடுறான் அண்ணி ஒம்புள்ள. கதிரு நல்லா புடிக்கும்" என்றாள் அத்தை. புளியமரத்தடியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அதை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினேன்.

கல்லில் அடித்துத் துவைத்தேன். சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். மறுபடி துவைத்து, மறுபடி கொதிக்க வைத்தேன். வெயிலில் காய்ந்ததும் எடுத்துப் பார்த்தால் தாம்பாளம்போல இருந்த துணி கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. அழுகை வந்துவிட்டது. அம்மா வாங்கி அழுத்திப் பார்த்தாள். குமிழ்கள் ஒன்றோடொன்று நெருங்கி, எருமைத் தோல்போலத் தடித்திருந்தன. அடுப்பிலிருந்த குண்டானை அதால் பிடித்தாள். பிடித்த கையை எடுக்காமலே என்னைப் பார்த்தாள்.

"இன்னொன்னு பின்னுடா. ஒங்க அத்தைக்கும் கையி இருக்குல்ல."

இரண்டாவதை நூலை முதலிலேயே கொதிக்க வைத்துப் பின்னினேன். அது முடிந்த மறுநாள் விடியும்போது மாமா சைக்கிளில் வந்தார். வேதாரண்யம் பக்கத்திலிருந்து லாரியில் அறுப்பு ஆட்களைக் கொண்டுவந்து மிராசுதார் வயலருகே இறக்கிவிட்டார்களாம். உப்பளத்தில் வேலை இன்னும் தொடங்காத நேரம், கூப்பிட்டதும் வந்துவிட்டார்கள்.

"கொஞ்சம் பொறு, அக்கா. ஆட்சி நம்மளுது. மந்திரி பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு பண்ணியிருக்காரு" என்றார் மாமா.

"மந்திரி பேசி முடிக்கறதுக்குள்ள நெல்லு களத்துக்குப் போயிடும்டா. அந்த ஆளுங்க எதாச்சும் சாப்புட்டாங்களா?"

"மொத வயல அறுத்தப்பறம்தான் சாப்பாடுன்னு காரியக்காரரு சொல்லிட்டாராம்."

அம்மா கொதிக்கிற குண்டானைப் பார்த்தாள். பிறகு என் பிடிதுணிகளில் ஒன்றை அத்தையிடம் எறிந்தாள். "தூக்குடி" என்றாள்.

வரப்பில் அத்தை முன்னால் பக்கவாட்டாக நடக்க, அம்மா பின்னால் நடக்க, நடுவில் குண்டான் ஆவி விட்டுக்கொண்டு போனது. ஆறட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. வரப்பு சேறாக வழுக்கியது, பிடி வழுக்கவில்லை. கொட்டாங்குச்சிகளைக் கூடையில் சுமந்துகொண்டு தெருவே பின்னால் வந்தது. நான் மட்டும் அம்மாவின் முந்தானையை இழுத்துக்கொண்டே போனேன்.

"அது நம்ம கஞ்சிம்மா. அவங்களுக்கு எதுக்கு? என் பிடிதுணியக் குடு."

"கால்ல ஊத்திக்கப்போற. தள்ளி வாடா."

வயல்கரையில் அருவாளும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும், அடிக்க வருகிறோம் என்று எழுந்து நின்றார்கள். அம்மா குண்டானை இறக்கி வைத்தாள்.

"பண்ணையில குடுத்து விட்டாங்களாம்மா?" என்று கேட்டார் அவர்களில் வயதான ஒருவர்.

"இல்லீங்க. இந்தப் பயிர நட்டவங்க நாங்க. வெறும் வயித்தோட வந்திருக்கீங்க. மொதல்ல குடிங்க."

குடைக்குக் கீழே நின்ற காரியக்காரர் கத்தினார். "கஞ்சி குடிக்கவா லாரி வச்சுக் கூட்டியாந்தேன்? எறங்குங்கய்யா!"

"எறங்குவாங்க. நாங்க குறுக்க நிக்கலீங்களே" என்றாள் அம்மா. கொட்டாங்குச்சியில் ஊற்றி ஒவ்வொருவருக்கும் அவளே நீட்டினாள். உரிந்த உள்ளங்கையோடுதான் நீட்டினாள். அந்தப் பெரியவர் கஞ்சியை வாங்கிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தார். பிறகு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் பங்கு, பக்கத்து வீட்டுத் தம்பியின் பங்கு, எல்லாம் என் கண்ணெதிரே காலியானது. குண்டானின் அடி தெரிந்தபோது எனக்கு அம்மாமேல் வந்த கோபத்தை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

குடித்து முடித்த பெரியவர் கொட்டாங்குச்சியை வாய்க்காலில் கழுவிக் கவிழ்த்தார். அருவாளைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். காரியக்காரர் எவ்வளவு கத்தியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெயில் சாய்ந்தபோது, வந்த லாரியிலேயே ஏறிப் போய்விட்டார்கள். கதிர் அப்படியே நின்றது.

அன்று எங்கள் தெரு பட்டினி. வயிறு முட்டக் கஞ்சி குடித்தவன் எப்படிக் குனிந்து அறுப்பான், அதுதான் அம்மாவின் தந்திரம் என்று தெருப் பயல்களுக்கு நான் விளக்கிச் சொன்னேன். சாயங்காலம் வந்த மாமாவிடமும் சொன்னேன். எதற்கும் எதிர்க்கேலி வைத்திருக்கிற மாமா, தோளில் கிடந்த கட்சித் துண்டை எடுத்து நெடுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கிய களைப்பு, அவருக்குத் தூக்கம் வருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.