சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிய டிரைவிங் டீச்சர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் தொழில். கிளட்சைப் படக்கென்று விட்டுவிட்டு அலறுகிறவர்கள், இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைப் போடுகிறவர்கள் என்று பதினாறு வருடமாக எல்லா ரகத்தையும் பார்த்துவிட்டாள். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. பக்கத்து இருக்கையில் தனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, "பதறாதீங்க, நான் இருக்கேன்ல" என்பாள். அதனால் 'பிரேக் டீச்சர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அந்த நிதானமெல்லாம் வீட்டு வாசலோடு சரி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தங்கை திரும்புவதற்குள், கையில் கிடைத்ததையெல்லாம் ருசி தெரியாமல் தின்று தீர்ப்பாள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பாள். அடுத்த நாள் அதற்குத் தண்டனையாகப் பட்டினி. சாயங்காலம் பசி பிடரியைப் பிடித்து உந்த, மறுபடியும் அதே கதை. இருபத்திரண்டு வயதில் தொடங்கியது, இப்போது முப்பத்தொன்பது. ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை என்பதால் யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை.

முதலில் கண்டுபிடித்தது பல் டாக்டர்.

"பல்லோட உள்பக்கம் கரைஞ்சிருக்கும்மா. அடிக்கடி வாந்தி வருதா?"

"இல்லையே டாக்டர். எலுமிச்சம்பழம் நிறைய சாப்பிடுவேன்."

"எலுமிச்சம்பழம் பாவம், அது மேல பழியைப் போடாதீங்க" என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார். அவள் அதைக் காரின் டேஷ்போர்டு அறைக்குள் திணித்தாள். திணித்ததோடு மறந்தும் போனாள்.

மூன்று மாதம் கழித்து, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. அப்படியே கதவில் சாய்ந்துவிட்டாள். மனிதர் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, வண்டியை ஓரங்கட்டி, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

"மூணு மாசமா ஓரங்கட்ட வராத எனக்கு இன்னைக்குன்னு பாத்து வந்துருச்சு டீச்சர்" என்றார், அவசரப் பிரிவின் கட்டிலருகே கண் கலங்கி நின்றுகொண்டு.

ரத்தத்தில் பொட்டாசியம் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய அளவு என்றார் டாக்டர். ஏன் என்று கேட்டபோது, தங்கை பக்கத்தில் இருக்கும்போதே அவள் உண்மையைச் சொன்னாள்.

"இதுக்குத்தானா அக்கா அவ்வளவு நேரம் குளிச்ச?" என்றாள் தங்கை.

மூன்று நாள் சலைனோடு பொட்டாசியமும் ஏற்றி, ரத்தத்தில் அளவு சரியான பிறகு உணவுச் சிக்கல்களுக்கான பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த மனநல மருத்துவர் இவளைவிட இளையவர்.

"மூணு வழி இருக்கு" என்றார். "வாரம் ஒரு தடவை வந்து பேசுறது. பகல் முழுக்க இங்கயே இருந்து, இங்கயே சாப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போறது. ரத்தமோ இதயமோ மறுபடி மோசமானா வார்டுல சேர்றது."

"மாத்திரை குடுத்தா போதாதா டாக்டர்?"

"மாத்திரையும் தரேன். கண்டபடி சாப்பிடத் தூண்டுற அந்த வேகத்தை அது கொஞ்சம் தணிக்கும். ஆனா அது மட்டும் பத்தாது. இன்னொண்ணு, நான் சொல்ற வரைக்கும் காரைத் தொடக் கூடாது."

கடைசியில் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

அவள் வாரம் ஒரு தடவையைத் தேர்ந்தெடுத்தாள். எப்போது சாப்பிட்டாள், அப்போது மனதில் என்ன ஓடியது என்று நோட்டில் எழுதி வர வேண்டும். ஐந்து வாரம் அழகான கையெழுத்தில் பொய் எழுதினாள். ஆறாவது வாரம், அவளோடு பேசும் ஆலோசகர், "உங்களுக்கு ஒரு நாள்கூட கெட்ட நாளே இல்லையா?" என்று சாதாரணமாகக் கேட்டதும் உடைந்துபோய், எழுதியதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டாள். யாரும் திட்டவில்லை. "அப்ப பகல் சிகிச்சைக்கு மாறிடலாம்" என்றார் மருத்துவர், அவ்வளவுதான்.

எட்டு வாரம். நீளமான மேசையில் ஆறு பேர், கூடவே சாப்பிடும் ஒரு நர்ஸ். அவர் சிரிப்புக்கதைகளின் பொக்கிஷம். சாப்பிட்டு முடித்த பின் ஒரு மணி நேரம் யாரும் தனியே எழுந்து போகக் கூடாது. குறுக்கெழுத்துப் போடலாம், சீட்டாடலாம். முதல் வாரம் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு நரகமாக இருந்தது. வயிற்றில் கல்லைக் கட்டியதுபோல் உட்கார்ந்திருந்தாள். நான்காவது வாரம் சீட்டாட்டத்தில் தோற்ற கோபத்தில் வயிறு இருப்பதே மறந்துபோயிற்று. பட்டினிதான் சாயங்கால வெறிக்கு எண்ணெய் ஊற்றுகிறது என்று முதல் நாளே விளக்கியிருந்தார்கள். அதை அவள் உடம்பு நம்புவதற்கு ஆறு வாரம் ஆனது.

வெள்ளிக்கிழமைகளில் தங்கையும் வருவாள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்கும் பாடம் நடந்தது. "தட்டை எட்டிப் பாக்காம இருக்கறதுதான் எனக்குப் பெரிய பரீட்சை" என்பாள்.

காரைத் தொடலாம் என்று மருத்துவர் சொல்லி, வேலைக்குத் திரும்பி நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மறுபடியும் நடந்துவிட்டது. குளியலறைத் தரையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, தங்கை வந்து செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சொன்னாள்.

"இன்னைக்குச் சறுக்கிட்டேன்."

தங்கை வாய் திறக்கப் போய், மூடிக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சரி. நாளைக்கு?"

"நாளைக்குக் காலைல வழக்கம்போல சாப்பிடணும். பட்டினி கிடக்கக் கூடாது. அதான் கஷ்டம்."

மறுநாள் ஏழரைக்குச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் நேரம் பிடித்தது. இருந்தும் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. எட்டரை மணி வகுப்புக்குப் புதிதாக ஒருத்தி வந்து காத்திருந்தாள். பக்கத்து இருக்கையில் ஏறி, இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, "பதறாதீங்க, நான் இருக்கேன்ல" என்றாள் டீச்சர்.