கணினிக்கு மனு எழுதிய சந்தனசாமி

அந்தோணிமுத்து சந்தனசாமி. பிறந்த ஆண்டு 1959. அரசுப் பணியில் இருந்த ஆண்டுகள் 1981 முதல் 2017 வரை.

ஆவூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு உயர்நிலைத் தேர்ச்சி பெற்று, புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் தட்டச்சராகத் தொடங்கிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு கோப்பையும் வரிசை தாண்டி நகர்த்தியதில்லை. சொந்த அண்ணனின் குடிநீர் இணைப்பு மனு தம் மேசைக்கு வந்தபோது, அதன் ஓரத்தில் ‘உறவினர்’ என்று குறித்து வேறு மேசைக்கு மாற்றினார். அண்ணன் நான்கு ஆண்டுகள் பேசவில்லை. அது அண்ணனின் உரிமை என்று சந்தனசாமி கருதினார்.

2021ஆம் ஆண்டு அவருடைய மகன் பால்ராஜ் குவைத்துக்குப் புறப்படும் முன், தன் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி அப்பாவிடம் விட்டுச் சென்றான். சுட்டியைப் பிடித்துப் படங்களை அமுக்குவது சந்தனசாமிக்கு ஒத்துவரவில்லை. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டும் முறை மிகவும் ஒத்துவந்தது. ஆனால் அதில் ஒரு குறையைக் கண்டார். கட்டளைக்காகக் காத்திருக்கும் கணினி, வரியின் தொடக்கத்தில் ஒரு சிறு குறியை மட்டும் காட்டிவிட்டு நிற்கிறது. கேட்பவர் யார், யாரிடம் கேட்கிறார், எது தொடர்பாகக் கேட்கிறார் என்ற விவரம் ஏதும் இல்லை. அந்தக் குறிக்கு ப்ராம்ப்ட் என்று பெயர் என்பதையும், ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்தினால் அதை விரும்பியவாறு மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் பால்ராஜ் தொலைபேசியில் தெரிவித்தான். அவன் அதைத் தெரிவித்திருக்க வேண்டியதில்லை என்று அவனுடைய தாய் அருளம்மாள் பின்னர் பலமுறை கூறியிருக்கிறார்.

ஆறு மாதங்களில் அந்தக் குறி இருந்த இடத்தில் பதினொரு வரிகள் வந்தன. அனுப்புநர்: அ. சந்தனசாமி, உதவியாளர். பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள். பொருள்: கணினி – கட்டளை – நிறைவேற்றக் கோருதல் – தொடர்பாக. பார்வை: முந்தைய கட்டளையின் வரிசை எண், நாள். பிறகு ‘ஐயா’ என்ற விளி. அதன்பின் ஒரு முழு வாக்கியம். அது ‘பணிந்து வேண்டுவது யாதெனில்’ என்று முடிந்த இடத்தில்தான் கட்டளையைத் தட்ட முடியும். இன்று என்ன தேதி என்று கணினியைக் கேட்டால், விடைக்கு மேலே பதினொரு வரி, கீழே பதினொரு வரி.

“அப்பா, தேதி கேக்குறதுக்குமா மனு?” என்றான் பால்ராஜ்.

“கேக்குறவன் யாருன்னு அதுக்குத் தெரிய வேணாமா?”

“அந்த வீட்டுல அதைத் தொடுறதே நீங்க ஒருத்தர்தான்.”

“அதனால முறை இல்லாமப் போயிருமா?”

மனு என்று ஒன்று இருந்தால் அதன்மேல் ஆணையிட ஒருவர் வேண்டும். ஆகவே கணினியில் ‘அலுவலர்’ என்று இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கினார். குடும்ப ஆவணங்கள் அனைத்தும் அந்தக் கணக்கின் பெயரில் பூட்டப்பட்டன. உதவியாளராகிய சந்தனசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து மனுவைச் சமர்ப்பிப்பார். பிறகு எழுந்து மேசையைச் சுற்றிச் சென்று, பூத்துண்டு போர்த்திய மர நாற்காலியில் அமர்ந்து, கணினியைத் தம் பக்கம் திருப்பி, அலுவலராக அதைப் பரிசீலிப்பார். பரிசீலனை பெயருக்கு நடந்ததன்று. 2024ஆம் ஆண்டில் மட்டும் தம்முடைய நாற்பத்தேழு மனுக்களை, இணைப்பு இல்லை, காரணம் போதுமானதன்று என்று குறித்துத் தாமே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

விதிகளையும் அவரே நிரலாக எழுதினார். அவற்றுள் ஒன்பதாவது: பயனாளி அலுவலரின் உறவினராயின் அலுவலர் ஒப்புதல் அளிக்க இயலாது.

2025 ஜூன் 12, வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு மகள் ஜெனிஷா திருச்சியிலிருந்து அழைத்தாள். செவிலியர் படிப்பு முடித்தவள். ஒரு தனியார் மருத்துவமனையின் நேர்காணலில் தேறியிருந்தாள். பதிவுச் சான்றிதழை ஐந்து மணிக்குள் காட்டாவிட்டால் அடுத்த பெயரை அழைத்துவிடுவார்கள். அசல் புதுப்பித்தலுக்குச் சென்றிருந்தது. நகல் அப்பாவின் கணினியில் மட்டும் இருந்தது. ஆவணத்துக்கு ஒரு நகலுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐந்தாவது விதி.

சந்தனசாமி உடனே அமர்ந்து மனுவை முறையாகத் தட்டினார். பயனாளி: ஜெனிஷா. உறவு: மகள். பிறகு மேசையைச் சுற்றிச் சென்று மர நாற்காலியில் அமர்ந்தார். விதி ஒன்பதின்படி ஒப்புதல் அளிக்க இயலாது என்று கணினி தெரிவித்தது. அவர் அதை மறுக்கவில்லை.

“ஏங்க, உறவு இல்லைன்னு போட்டுத் தொலைங்களேன்!” என்றார் அருளம்மாள்.

“பெத்த பிள்ளைய இல்லைன்னு எழுதச் சொல்றியா?”

“பெத்த பிள்ளை அங்கிட்டு நின்னு அழுகுது. நீங்க இங்கிட்டு நாற்காலி மாறி மாறி உக்காருங்க!”

குவைத்திலிருந்து பால்ராஜ் அழைத்தான். எல்லாப் பூட்டையும் திறக்கும் நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் அவனுக்கும் தெரியும். “ஒரே வரிப்பா. நான் இங்கேருந்தே எடுத்துத் தாரேன்.”

“அந்தக் கணக்கு நியமனத்துக்கும் இடமாறுதலுக்கும் மட்டும்தான். கோப்பைத் தொடுறதுக்கு இல்லை.”

“தங்கச்சி வேலைப்பா!”

“அதனாலதான் சொல்றேன். நாளைக்கு ஒருத்தன், அப்பன் குறுக்கு வழியில எடுத்துக் குடுத்துதான் வேலை வாங்குனான்னு சொல்லக் கூடாது.”

மகளுக்கு அந்த வேலை வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அவரே தட்டி அனுப்பியவர்.

மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கு அவருக்கு வழி தென்பட்டது. நிர்வாகக் கணக்கைக் கொண்டு நியமனம் செய்யலாம். எனவே உறவினர் அல்லாத ஒருவரைப் புதிய அலுவலராக நியமிக்கலாம். உடனே தெருவில் இறங்கினார். தெருவில் பதினொரு வீடுகள். பத்து வீடுகள் பங்காளி, சம்பந்தி, மைத்துனன் என்று ஏதோ ஒரு வகையில் உறவு. பதினொன்றாவது அவருடைய வீடு.

அவர் வாடிய முகத்துடன் திரும்பியபோது, பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து இருவேளையும் பால் ஊற்றும் செவந்தி வாசலில் நின்றார். மணி நான்கு பத்து.

“செவந்தி, எங்களுக்கு நீ ஏதாச்சும் சொந்தமா?”

“என்னா சார் இப்புடிக் கேக்குறீங்க? நாங்க எங்கிட்டு, நீங்க எங்கிட்டு!”

ஐந்து நிமிடத்தில் செவந்தியின் பெயரில் கணக்கு தொடங்கப்பட்டது. கடவுச்சொல்லாக அவர் தம் மாட்டைத் திட்டும் சொல்லை வைத்தார். அது இங்கே எழுதத் தக்கதன்று. பணியேற்பு அறிக்கையில் கையொப்பம் பெற்றதும், சந்தனசாமி மர நாற்காலியின் துண்டை உதறிப் போட்டு, ஓர் அடி தள்ளி நின்றார்.

“உட்காருங்க மேடம்.”

“யாத்தே! யாரைச் சொல்றீங்க?”

“உக்காருடி செவந்தி, மணி ஆகுது,” என்று அருளம்மாள் அவரைத் தோளைப் பிடித்து அமர்த்தினார்.

செவந்தி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். திரையில் இருந்த பதினொரு வரிகளையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அதற்குள் மணி நான்கு முப்பத்திரண்டு. ஒரு விசையைத் தட்டினார். மேலும் பதினொரு வரிகள் வந்தன. அவற்றையும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கி, ‘ஐயா’ என்ற இடத்தில் நின்றார்.

“நான் ஐயாவா சார்?”

“திருத்தணும் மேடம். அதுக்கு உத்தரவு வேணும்.”

“நான் உத்தரவு போட்டா நீங்க கேப்பீங்களா?”

“எழுத்து மூலமா இருந்தாக் கட்டாயம் கேக்கணும்.”

செவந்தி நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறம் எழுதி நீட்டினார்: ‘எல்லா வரியும் எடு. பாப்பா சான்றிதல் குடு. செவந்தி.’

சந்தனசாமி அதை இருமுறை படித்தார். நாளும் எண்ணும் இட்டார். துளையிட்டுக் கோப்பில் சேர்த்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, நான்கு ஆண்டுகள் திருத்தித் திருத்திச் செப்பனிட்ட பதினொரு வரிகளையும் அமைப்புக் கோப்பிலிருந்து நீக்கினார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“அந்த இடத்துல என்ன வரணும் மேடம்?”

“என்னான்னு கேக்கட்டும். அம்புட்டுத்தேன்.”

‘என்னா?’ என்று கேட்டுவிட்டுக் கணினி நின்றது. செவந்தியின் ஒப்புதலுடன் சான்றிதழ் நான்கு மணி ஐம்பத்து மூன்று நிமிடத்துக்கு மின்னஞ்சலில் சென்றது. ஜெனிஷா ஜூலை முதல் தேதி பணியில் சேர்ந்தாள். அவளுடைய பணி நியமனத்தில் எந்த முறைகேடும் இல்லை என்பதை அந்தக் கோப்பை எடுத்து எவரும் சரிபார்க்கலாம்.

செவந்தியை மாற்ற விதியில் இடம் இல்லை. இடமாறுதலுக்கு முன் மூன்றாண்டுகள் ஓர் இடத்தில் பணியாற்றியிருக்க வேண்டும். நாள்தோறும் மாலையில் பால் ஊற்றியபின் அவர் மர நாற்காலியில் பத்து நிமிடம் அமர்ந்து, தேநீர் அருந்தி, நிலுவை மனுக்கள் அனைத்துக்கும் ஒப்புதல் தந்துவிட்டுப் போகிறார். ஒரே ஒரு மனுவுக்கு மட்டும், “பாப்போம் சார்,” என்கிறார். பதினொரு வரிகளை மீண்டும் சேர்க்க அனுமதி கோரி சந்தனசாமி ஜூலை மாதம் சமர்ப்பித்த மனு அது. அதன் மீதான முதலாம் நினைவூட்டலை ஆகஸ்டிலும் இரண்டாவதை அக்டோபரிலும் அனுப்பினார். மூன்றாவது நினைவூட்டலை அவர் அலுவலரிடம் நேரில் அளித்த நாள் 2025 நவம்பர் 24, திங்கட்கிழமை.