ஆயுள் உள்ளவரை

என் கணவர் வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம் ஓய்வு பெற்றார். சொந்த ஊரான காரைக்காலுக்கே வந்து வாடகை வீடு பிடித்தோம். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

சேமநிதியை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அல்லது இன்சூரன்ஸ் கம்பெனியில் கட்டிவிட்டு ஆயுள் உள்ளவரை மாதாமாதம் ஒரே தொகை பெறலாம் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தார்கள். என் கணவருடைய அண்ணன் தன் ஓய்வுப் பணத்தை நெல் வியாபாரத்தில் விட்டுவிட்டு, திருநள்ளாற்றில் ஒரு ஓட்டல் கல்லாவில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தார்.

"மொத்தமா வந்தா நம்ம கையில நிக்காது. மாசாமாசமே வரட்டும்" என்றார் இவர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அவருக்குப் பின் மனைவிக்கும் தொடரும்படி எழுதினால் தொகை குறையுமாம். எனக்கு இரத்தக்கொதிப்பு, நான்தான் முன்னால் போவேன் என்று இருவருமே நினைத்து, அவர் ஆயுளுக்கு மட்டும் எழுதினோம்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குச் சோறு விழுங்க முடியவில்லை. தொண்டையில் புற்றுநோய்க் கட்டி. மெட்ராஸில் ரேடியம் வைத்துப் பார்க்கலாம், தாமதிக்கக்கூடாது என்றார் டாக்டர். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க, இன்சூரன்ஸ் கம்பெனியின் நாகப்பட்டினத்துக் கிளை அலுவலகத்துக்குப் போனோம். மேனேஜர் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"சார், மாசாமாசம் ஒரு நாள் தவறாம வருங்க. ஆனா மொத்தத்தைத் திருப்பிக் குடுக்க வழியில்லைங்க. எழுதும்போதே சொல்லியிருப்பாங்களே."

"பாதியாவது?" என்றேன்.

"முடியாதுங்கம்மா."

எங்கள் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளியிடம் போய், மாதப் பணத்தைக் காட்டிக் கடன் கேட்டேன்.

"அவங்க இருக்கற வரைக்குந்தானே அது வரும், அக்கா? அல்லா காப்பாத்தணும். இத வச்சு நான் எப்படி குடுக்கறது?" என்றவர், திருப்பித் தர வேண்டாமென்று ரயில் செலவுக்குப் பணம் கொடுத்தார்.

என் சங்கிலியை விற்றுப் பாதி வைத்தியம் பார்த்தோம். மீதிக்கு வழியில்லாமல் திரும்பும்போது, ரயிலில் அவர் கம்மிய குரலில் சொன்னார்: "நான் இருந்தாத்தான் அவங்க குடுக்கணும். நான் இருக்கறதுக்குக் கேட்டா குடுக்க மாட்டேங்கறாங்க."



மாதப் பணம் தவறாமல் வந்தது. கஞ்சிக்கும் வாடகைக்கும் போதும். அதற்குமேல் எதற்கும் போதாது. தை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். மணியார்டர் கொண்டுவரும் தபால்காரர் அதன்பிறகு எங்கள் வாசலில் நிற்கவில்லை. நான் வீட்டைக் காலிசெய்து, பக்கத்துப் பூவம் கிராமத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனேன்.